பத்து இடத்தில் அடங்காத வடபழனி

ஒரு சின்ன சோதனை. போஸ்ட்கிரெஸ்ல ஊர்ப்பெயர் காலத்துக்கு வார்கேர் 10 கொடுத்து, தமிழ்ல வடபழனின்னு போடுங்க. அழகா உட்காரும். அதே டேபிளை ஆரக்கிளுக்கு மாத்துங்க, எரர் வரும். போஸ்ட்கிரெஸ் எழுத்தை எண்ணும். ஆரக்கிள், நாம மாத்திச் சொல்லாத வரைக்கும், பைட்டை எண்ணும். யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். வ, ட, ப, ழ, ன, மேல ஒரு இகரக் குறி. ஆக 6 குறியீடு, 18 பைட்!

டேட்டாவை எப்படிச் சேமிக்கிறோம் என்பது வேறு, அதற்கு என்ன அர்த்தம் என்பது வேறு என்று முதலில் அடித்துச் சொன்னவர் எட்கர் காட்.

1923-ல் இங்கிலாந்தின் போர்ட்லாந்து தீவில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டினார். 1948-ல் நியூயார்க் போய் ஐபிஎம்மில் ப்ரோகிராமர் ஆனார். செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை பிடிக்காமல் 1953-ல் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்து, 1965-ல் மிச்சிகனில் டாக்டர் பட்டம் வாங்கியபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அரியர் வெச்சிருக்கறவங்க தெம்பா இருங்க.

1970-ல் ரிலேஷனல் மாடல் கட்டுரை வெளியானது. ஒவ்வொரு காலமும் ஒரு டொமைனிலிருந்து மதிப்பு எடுக்கணும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. டொமைன்னா வெறும் இன்டிஜர் இல்லை; சம்பளம் ஒரு டொமைன், பின்கோடு வேறொரு டொமைன். ரெண்டும் எண்தான், ஆனா கூட்டினா அர்த்தமில்லை.

சொந்தக் கம்பெனியே தயங்கியது. ஐஎம்எஸ் என்ற பழைய டேட்டாபேஸ் ஐபிஎம்முக்கு நல்லா ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அங்கேயே சிஸ்டம் ஆர் திட்டம் தொடங்கி, எஸ்கியூஎல் பிறந்தது. ஆனால் டொமைன் அதில் முழுசா வரவில்லை. டைப் மட்டும் வந்தது. 1979-ல் ஆரக்கிள் முந்திக்கொண்டு கடைக்கு வந்தது, ஐபிஎம்மின் சரக்கு 1981-ல்தான். அதே வருஷம் காடுக்கு டூரிங் விருது கிடைத்தது.

1985-ல் நல்ல டேட்டாபேஸுக்கான விதிகளை வெளியிட்டார். மூன்றாம் விதிப்படி நல் வேறு, காலி ஸ்ட்ரிங் வேறு, பூஜ்யம் வேறு. இன்னிக்கும் ஆரக்கிள் காலி ஸ்ட்ரிங்கை நல் என்றுதான் எடுத்துக்கொள்கிறது. மைஎஸ்கியூஎல்லில் பூலியன் என்பது உண்மையில் டைனிஇன்ட். அங்கே சில செட்டிங்கில் நுழைந்துவிடும் எல்லாம் பூஜ்யமான தேதியை போஸ்ட்கிரெஸ் வாசலிலேயே நிறுத்திவிடும். மைக்ரேஷனில் நாம் படும் பாடு முக்கால்வாசி இந்த இடைவெளியில்தான்.

2003 ஏப்ரல் 18-ல் ஃப்ளோரிடாவில் காட் இறந்தார்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல டேட்டாபேஸ் மாத்தப் போறீங்களா? முதல்ல டைப் பேரை டைப் பேரோட ஜோடி சேர்க்காதீங்க. ஒவ்வொரு காலத்துக்கும் அது என்ன பொருள், எந்த எல்லை, காலியா இருக்கலாமா, நீளம் எழுத்தா பைட்டான்னு ஒரு தாள்ல எழுதுங்க. மாத்தின பிறகு ரெண்டு பக்கமும் வரிசை எண்ணிக்கை, நல் எண்ணிக்கை, பெரிய மதிப்பு, சின்ன மதிப்பு ஒத்துப் பாருங்க.

டெஸ்ட் டேட்டாவுல தமிழ்ல ஒரு வடபழனியும் இருக்கட்டும்.