விம்பர் பார்க்காமல் விட்ட கயிறு

மலர்க் குழுவினர் இந்த முறை ஆளுக்கொரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள. ராமானுஜன், விஸ்வேஸ்வரய்யா இருவரையும் சீனியர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். நான் பிடித்தது எட்வர்ட் விம்பர் என்ற மலையேறியை. மெக்கானிக்கல்காரனுக்கும் பனிமலைக்கும் என்னடா சம்பந்தம் என்று ஹாஸ்டல் நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது, ஒரு கயிற்று விஷயத்தில்.

விம்பர் 1840-இல் லண்டனில் பிறந்தவர். பதினொரு பிள்ளைகளில் இரண்டாமவர். குடும்பத் தொழில் மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சுக்குக் கொடுப்பது. 1860-இல் ஒரு புத்தகப் பதிப்பாளர் ஆல்ப்ஸ் மலைக் காட்சிகளை வரைந்து வரச் சொல்லி அனுப்பினார். அதுவரை மலையே ஏறாத பையன்! படம் வரையப் போனவருக்கு மலைப் பைத்தியம் பிடித்துவிட்டது.

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே கூம்பு மாதிரி நிற்கும் மேட்டர்ஹார்ன், 4,478 மீட்டர். அதன் உச்சியை அதுவரை யாரும் தொட்டதில்லை. விம்பர் 1861 முதல் இத்தாலிப் பக்கமிருந்து ஏழெட்டு முறை முயன்று ஏழெட்டு முறையும் தோற்றார். 1862-இல் தனியாகப் போய், இறங்கும்போது வழுக்கி, பாறைக்குப் பாறை மோதிக்கொண்டே ஏறக்குறைய 60 மீட்டர் உருண்டார். தலையில் வழிந்த ரத்தத்தைப் பனிக்கட்டியை வைத்து அமுக்கி நிறுத்திக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். சில நாளிலேயே மறுபடியும் ஏறப் போனார். லேசுப்பட்ட ஆளில்லை.

மனுஷனுக்கு எஞ்சினியர் மூளை. மலையில் தங்க அவர் வடிவமைத்த கூடாரத்தைப் பின்னால் பல ஆண்டுகள் மலையேறிகள் பயன்படுத்தினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது பாறை அடுக்குகளைப் பற்றிய அவருடைய கணக்கு. மேட்டர்ஹார்னின் அடுக்குகள் இத்தாலிப் பக்கமாகச் சரிந்திருக்கின்றன. அதனால் அந்தப் பக்கம் ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு படியும் ஓட்டுக் கூரை போல வெளிப்பக்கம் சாய்ந்து வழுக்கும். அப்படியானால் எதிர்ப்பக்கம் அதே அடுக்குகள் உள்நோக்கிச் சாய்ந்து மாடிப்படி மாதிரி இருக்க வேண்டுமே! சுவிஸ் பக்கத்து ஸெர்மாட் ஊரிலிருந்து பார்த்தால் செங்குத்துச் சுவராகத் தெரிவது கண்ணின் ஏமாற்று என்று முடிவு கட்டினார். அது சரியாகவும் இருந்தது.

1865 ஜூலையில் இவருடைய பழைய வழிகாட்டி, இத்தாலியரான கரேல், தன் நாட்டுக்காரர்களோடு ஏறக் கிளம்பிவிட்டார். ஏமாந்து நின்ற விம்பர் அவசரமாகக் கணவாய் தாண்டி ஸெர்மாட் வந்தார். வழியில் சேர்ந்தவர் பிரான்சிஸ் டக்ளஸ் பிரபு, வயது 18. ஸெர்மாட்டில் பாதிரியார் ஹட்சன், அவரோடு வந்த 19 வயது ஹாடோ, வழிகாட்டி மிஷெல் குரோஸ் மூவரும் அதே மலைக்குத் தயாராக இருந்தார்கள். உள்ளூர் வழிகாட்டி டவுக்வால்டரும் அவர் மகனும் சேர, மொத்தம் ஏழு பேர். ஹாடோவுக்கு ஆல்ப்ஸில் அதுதான் முதல் பருவம். இப்படி ஒரே ராத்திரியில் கூடின டீமுக்குத் தலைவர் யார் என்று கேட்டால் தெளிவான பதில் கிடையாது. எனக்கு உறுத்துவது அங்கேதான்.

ஜூலை 13 கிளம்பி, 14 மதியம் 1.40-க்கு உச்சி. கீழே இத்தாலிப் பக்கம் கரேல் கோஷ்டி புள்ளிகளாகத் தெரிந்தது. இவர்கள் கத்திப் பார்த்து, கல்லை உருட்டிவிட்டு, தாங்கள் ஜெயித்ததைத் தெரிவித்தார்கள். கூடாரக் கம்பை நட்டு குரோஸின் சட்டையைக் கொடியாகக் கட்டினார்கள். ஒரு மணி நேரம் சந்தோஷம்.

கொண்டுபோன கயிறு மூன்று வகை. ஆல்ப்ஸ் சங்கத்துக்காரர்கள் சோதித்துச் சிபாரிசு செய்த மணிலா கயிறு 60 மீட்டர். அதைவிடக் கனமான, உறுதியான கயிறு 45 மீட்டர். மூன்றாவது, மெல்லிய பழைய கயிறு 60 மீட்டருக்கு மேல். இது பாறையில் கட்டி இறங்கிவிட்டு அங்கேயே விட்டுவர எடுத்துப்போனது, ஆளோடு ஆள் கட்ட அல்ல.

இறங்கும்போது குரோஸ் முன்னால், பிறகு ஹாடோ, ஹட்சன், டக்ளஸ், பெரிய டவுக்வால்டர். விம்பர் உச்சியைப் படம் வரைந்துகொண்டிருந்ததால், மகனோடு தன்னைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். கடினமான இடத்தில் பாறையில் தனியாக ஒரு கயிறு கட்டலாம் என்று ஹட்சனிடம் சொல்லியிருந்தார். ஹட்சனும் சரி என்றார். ஆனால் செய்து முடிக்கவில்லை. மூன்று மணி வாக்கில், யாராவது வழுக்கினால் பெரியவரால் தாங்க முடியாது என்று பயந்து, விம்பரையும் அவரோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னான் டக்ளஸ். விம்பர் கட்டிக்கொண்டார். ஆனால் பெரியவருக்கு முன்பக்கம், அந்தப் பையனோடு அவரைச் சேர்த்த கயிறு எது என்று பார்க்கவில்லை.

சில நிமிஷத்தில் ஹாடோ வழுக்கி குரோஸ் மேல் விழுந்தான். இருவரும் போக, ஹட்சனும் டக்ளஸும் இழுபட்டார்கள். மேலே மூவரும் பாறையைக் கட்டிப் பிடித்துத் தாங்கினார்கள். டக்ளஸுக்கும் டவுக்வால்டருக்கும் நடுவே கயிறு அறுந்தது. நால்வரும் 1,200 மீட்டர் கீழே பனியாற்றில் விழுந்தார்கள். டக்ளஸின் உடல் கிடைக்கவேயில்லை. பிறகுதான் விம்பர் அறுந்த நுனியைப் பார்த்தார். மூன்றிலும் மட்டமான கயிறு.

நம்ம லேபில் யு.டி.எம். மெஷினில் கம்பியை மெதுவாக இழுத்து அறுப்போமே, இது அந்த மாதிரிப் பளு இல்லை. திடீரென்று விழும் பளு நிதானப் பளுவைப் போல் இரண்டு மடங்கு, உயரத்திலிருந்து விழுந்தால் அதற்கும் மேல் என்று படித்ததுதான். நல்ல கயிறாக இருந்திருந்தால் நால்வரும் பிழைத்திருப்பார்களா, இல்லை ஏழு பேரும் போயிருப்பார்களா? எந்தப் பக்கமும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

டவுக்வால்டர் கயிற்றை வெட்டிவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. விசாரணையில் குற்றமில்லை என்றாயிற்று. வெட்டவில்லை என்று விம்பரும் சொன்னார். ஆனால் 1871-இல் வந்த தன் புத்தகத்தில், அந்த மட்டக் கயிறு அங்கே எப்படி வந்தது என்பதில் பெரியவர் மேல் சந்தேக நிழல் விழும்படி விட்டுவிட்டார். இது எனக்குச் சம்மதமில்லை. கயிறுகளைக் கொண்டுவந்தவர் விம்பர். பக்கத்தில் நின்று கட்டிக்கொண்டவரும் அவரே.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சில வருஷம் முன்பு ஒரு சைட்டில், தேய்ந்துபோனது என்று ஓரம் கட்டிய பெல்ட்டை, கைக்கு எட்டியது என்று மாட்டி பைப்பைத் தூக்கிவிட்டார்கள். பாதி உயரத்தில் அறுந்தது. கீழே யாரும் இல்லை, அவ்வளவுதான். பர்மிட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது. நான் பெல்ட்டைப் பார்க்காமல் போட்டது. ரிப்போர்ட்டில் ரிக்கர் மேல் ஒரு வரி எழுத எனக்கும் கை வந்தது.

விம்பர் அப்புறம் ஆல்ப்ஸில் பெரிய சாதனை எதற்கும் போகவில்லை. 1879-80-இல் ஈக்வடார் போனார். கூட்டிப்போனது யாரை என்கிறீர்கள்? அதே கரேலை! இருவரும் 1880 ஜனவரியில் சிம்பொராசோ சிகரத்தை முதன்முதலில் தொட்டார்கள். கோட்டோபாக்ஸி எரிமலை உச்சியில் ஒரு ராத்திரி தங்கி, உயரத்தில் உடம்பு படும் பாட்டைக் குறித்துக்கொண்டார். 1911 செப்டம்பரில் பிரான்ஸ் நாட்டு சமோனியில், ஓட்டல் அறையில் இறந்தார். அங்கேயே அடக்கம்.

அறுந்த கயிற்றுத் துண்டு ஸெர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழு கொடுத்த பக்கம் தீர்ந்துவிட்டது. மீதியை நேரில் பேசலாம்.