பாகவதர் கிராப்: ஊரே ஆசைப்பட்ட ஹேர்ஸ்டைல்... எல்லோருக்கும் செட் ஆகுமா? எம்.கே.டி-யின் கதை!

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கல்யாணத்துக்குத் துணி எடுத்த கையோடு, பல பசங்க நேராகப் போவது சலூனுக்குத்தான். செல்போனில் ஒரு ஹீரோவின் போட்டோவைக் காட்டி, இதே மாதிரி வெட்டணும் என்பார்கள். அனுபவமுள்ள கடைக்காரர் போட்டோவை ஒரு தடவைதான் பார்ப்பார். அடுத்து அவர் பார்ப்பது பையனின் நெற்றியை. முடி எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஸ்டைல் எடுபடும்.

இந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 80 வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டையே ஆட்டிவைத்த ஸ்டைல் 'பாகவதர் கிராப்'.

யார் இந்த பாகவதர்?

எம்.கே. தியாகராஜ பாகவதர், சுருக்கமாக எம்.கே.டி. 1910 மார்ச் 1-ம் தேதி மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது திருச்சியில். படிப்பில் மனசு ஒட்டவில்லை, பாட்டில்தான் ஒட்டியது. எஃப்.ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சனி சபாவில் 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏறினார். 1934-ல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்கு வந்தார். அந்தப் படத்தில் சுமார் 50 பாட்டு! அடுத்து 'சிந்தாமணி', 'அம்பிகாபதி', 'அசோக் குமார்', 'சிவகவி' என வரிசையாக வெற்றி. தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் என்று இன்றும் சொல்வது இவரைத்தான்.

அது என்ன பாகவதர் கிராப்?

அதற்கு முந்தைய தலைமுறையில் நிறைய ஆண்கள் குடுமி வைத்திருந்தார்கள். முன்தலையை மழித்துவிடுவதால், இயற்கையான ஹேர்லைன் வெளியே தெரியவே தெரியாது. நாவிதர் கத்தி போட்ட இடம்தான் ஹேர்லைன். வெள்ளைக்காரர் காலத்தில் கிராப்பு பரவிய பிறகுதான், ஒருவருக்கு முன்நெற்றியில் முடி எப்படி வளர்ந்திருக்கிறது என்பது ஊருக்கே தெரிய ஆரம்பித்தது.

எம்.கே.டி-யின் ஸ்டைல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. முன்னால் மழிப்பதில்லை, பின்னால் குடுமியும் இல்லை. அகலமான நெற்றி முழுசாகத் தெரிய, முடியைப் பின்னுக்கு வாரி, பிடரியில் அலை அலையாக விட்டிருப்பார். முடி அடர்த்தியாக இருந்ததால், புராணப் படமோ சமூகப் படமோ, அந்த முகத்துக்கு அது பொருந்தியது.

எல்லோருக்கும் செட் ஆகுமா?

ஆகாது. முடியைப் பின்னுக்கு வாரினால் ஹேர்லைன் மொத்தமும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். நேராகவோ லேசாக வளைந்தோ அடர்த்தியாக இருப்பவர்களுக்கு அது அழகு. நடுவில் கூராக இறங்கும் முடி உள்ளவர்களுக்கும் பொருந்தும். முன்னால் சுழி இருந்தால் சீப்புக்கு அடங்காது. இரண்டு பக்கமும் முடி ஏறிய ஏறுநெற்றிக்காரர்களுக்கோ, மறைக்க நினைத்ததையே அது காட்டிக்கொடுக்கும். அவர்களுக்குப் பக்கவாட்டில் முடியைக் குறைத்து, மேலே கொஞ்சம் விட்டு முன்னால் தள்ளி வாருவதுதான் கைகொடுக்கும்.

பதின்ம வயது முடிந்ததும் ஆண்களுக்கு ஹேர்லைன் லேசாக மேலே ஏறுவது சகஜம். எல்லாமே வழுக்கைக்கு அறிகுறி இல்லை. ஆனால் 18 வயதில் எடுபட்ட ஸ்டைல் 28-லும் எடுபடும் என்று நம்பக் கூடாது.

உச்சியும் சரிவும்

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருந்த பிராட்வே தியேட்டரில், மூன்று தீபாவளி கண்ட படம். ஆனால் அந்த ஓட்டத்தைக் கொண்டாட எம்.கே.டி. வெளியில் இல்லை.

படம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 8-ம் தேதி வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, பிறகு இறந்தார். இந்த வழக்கில் எம்.கே.டி-யும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன பிறகு, 1947-ல் இருவரும் விடுதலை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையிலேயே போய்விட்டது.

வெளியே வந்தபோது காலம் மாறியிருந்தது. பாட்டு குறைந்து வசனம் ஓங்கிய காலம் அது. 'ராஜமுக்தி', 'அமரகவி', 'சியாமளா', 'புது வாழ்வு' எதுவும் பழைய இடத்தைத் திருப்பித் தரவில்லை. உடல்நலமும் கெட்டது. 1959 நவம்பர் 1-ம் தேதி சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். வயது 49-தான். கடைசிப் படம் 'சிவகாமி' அவர் மறைந்த பிறகே வெளியானது.

மொத்தம் 14 படங்கள்தான். ஆனால் இன்றும் யாராவது பிடரி வரை முடி வளர்த்தால், வீட்டுப் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது பாகவதர் பெயர்தான். அந்த ஸ்டைல் அவருக்கு எடுபட்டதற்குக் காரணம், அது அவர் நெற்றிக்கும் முடிக்கும் ஏற்றதாக இருந்தது. அடுத்த முறை சலூனுக்குப் போகும்போது போட்டோவைக் காட்டுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் முடியைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடியில் உங்கள் நெற்றியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்!