காயம் ஆற்றும் கரங்கள்



நல்ல சமாரியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். குற்றுயிராய்க் கிடந்தவரின் காயங்களைக் கட்டியதோடு தம் கடமை முடிந்தது என்று அச்சமாரியர் எண்ணவில்லை. சாவடிக்குக் கொண்டு சென்று கவனித்தார். மறுநாள் பணம் கொடுத்துப் பராமரிக்கச் சொன்னார். திரும்பி வருவதாகவும் உறுதியளித்தார். காயத்தைக் கட்டுவது ஒரு பொழுதின் வேலை. அதை ஆற்றுவதோ பல நாட்களின் பணி. இவ்வுண்மையை நம் மண்ணில் வாழ்ந்து காட்டிய மருத்துவர் ஒருவரை இன்று நினைவுகூர்வோம்.

மருதனார்மடத்திற்குத் தென்மேற்கே சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் நிற்கிறது. அப்பெயருக்குரியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த அவர், சிறுவயதிலேயே தாயை இழந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1845இல் பட்டம் பெற்றார். சொந்த நாட்டிலேயே வசதியாக வாழ வழியிருந்தும், அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் பணியாற்றினார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், சீர்திருத்த சபையினர். ஆயினும் அவர் கரங்கள் ஆற்றிய புண்களுக்குச் சமய வேறுபாடு இருக்கவில்லை.

அக்காலச் சத்திரசிகிச்சையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நோவு தெரியாமல் அறுப்பதற்கு ஈதர் பயன்படும் என்பது பொஸ்ரன் நகரில் 1846இல்தான் உலகறிய மெய்ப்பிக்கப்பட்டது. வலியை வென்றாயிற்று, சீழை வெல்ல முடியவில்லை. கத்திக்குத் தப்பிய நோயாளர் பலர் பின்னர் புண் அழுகி இறந்தனர். சீழ் பிடிப்பது புண் ஆறுவதன் அடையாளம் என்றுகூட மருத்துவர் பலர் நம்பியிருந்தனர்.

மானிப்பாயில் கிறீன் நோயாளரைப் பார்த்ததோடு நில்லாமல், உள்ளூர் இளைஞருக்கு மருத்துவமும் கற்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று வெளியேறினர். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்றவர்களுள் பலர் அரசாங்க உத்தியோகம் தேடிச் சென்றனர். கிராமங்கள் வைத்தியரின்றியே கிடந்தன. இதைக் கண்ட கிறீன் 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். நூல் இல்லையே என்று சோர்ந்துவிடவில்லை. நூல்களைத் தாமே உருவாக்கினார். மாணவரையும் தமிழறிந்தோரையும் துணைக்கொண்டு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் தந்தார். அவற்றுள் ஒன்றே 1867இல் வெளிவந்த ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூல்.

அதே 1867இல்தான் கிளாஸ்கோவில் பணியாற்றிய யோசேப் லிஸ்டர், காபொலிக் அமிலத்தால் காயத்தைக் கிருமியினின்று காக்கும் முறையை எழுதி வெளியிட்டார். காயத்தின் பகைவன் கண்ணுக்குத் தெரியாத கிருமி என்பதை உலகம் மெல்ல மெல்ல ஏற்றது. இன்று தேய்ந்த இடுப்பையும் முழங்காலையும் அறுத்துச் செயற்கை மூட்டுப் பொருத்த முடிகிறது என்றால், அவ்வறிவே அதற்கு அடித்தளம்.

உங்கள் இல்லத்திலும் அவ்வாறு சிகிச்சை பெற்றுத் திரும்பிய அம்மம்மாவோ அப்பப்பாவோ இருக்கலாம். இனி அந்தக் காயத்தின் காவலர் நீங்களே. கட்டைத் தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கைகளை நன்கு கழுவுங்கள். வைத்தியர் குறித்த நாள்வரை கட்டைப் பிரிக்கவோ நனைக்கவோ வேண்டாம். தையல் சாதாரணமாகப் 10 முதல் 14 நாட்களில் வெட்டப்படும். அதன் பின்னரும் காயம் முற்றாக மூடும்வரை கேணியிலோ கடலிலோ இறங்கலாகாது. நீரிழிவு உள்ளவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பது மருந்து கட்டுவதற்கு ஈடான கடமை.

அன்பின் மிகுதியால் மஞ்சளையோ நல்லெண்ணெயையோ காயத்தில் தடவாதீர்கள். திருத்தலத்திலிருந்து கொண்டுவந்த ஆசீர்வதிக்கப்பட்ட எண்ணெயை நெற்றியில் பூசிச் செபியுங்கள். தைத்த இடத்தில் பூச வேண்டாம். சமாரியர் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார் என்றால், அவை அக்காலத்து மருந்துகள். இக்காலத்து மருத்துவர் சொல்வதைக் கேட்பதே நாம் அவரைப் பின்பற்றும் முறை.

தொடக்கத்தில் சிறிது வீக்கமும் சூடும் இயல்பே. ஆனால் சிவப்பும் நோவும் நாளுக்கு நாள் கூடினால், சீழோ நாற்றமோ தோன்றினால், காயம் பிரிந்தால், காய்ச்சல் வந்தால், அன்றே சத்திரசிகிச்சை செய்த வைத்தியரிடம் செல்லுங்கள். மருந்துக்கடையில் அன்ரிபயோற்றிக் மாத்திரை வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். செயற்கை மூட்டில் கிருமி குடியேறிவிட்டால் அதை அகற்றுவது அரிது. மீண்டும் அறுக்கவும், மூட்டையே கழற்றவும் நேரிடலாம். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், நெஞ்சு வலித்து மூச்சுத் திணறினாலும் ஒரு கணமும் தாமதிக்க வேண்டாம்.

உடல் நலிவுற்ற கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அங்கும் தமிழை மறக்கவில்லை. ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. 1884இல் அவர் வூஸ்ரரில் இறந்தபோது, தமிழருக்கு மருத்துவப் பணி செய்தவர் என்றே அவர் விரும்பியபடி கல்லறையில் பொறிக்கப்பட்டது.

அன்பர்களே, கத்தி பிடிக்கும் கலை சிலருக்கே வாய்க்கும். கழுவிய கையும் பொறுமையும் விழிப்பும் எல்லோருக்கும் இயலும். நோயுற்றோருக்குச் செய்வதைத் தமக்கே செய்ததாக ஏற்கும் ஆண்டவர், உங்கள் இல்லத்துக் கட்டிலருகே காத்திருக்கிறார். இவ்வாரம் அவரைத் தூய கைகளோடு அணுகுவோம்.