ஓவியர் இரவிவர்மர்

திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூர் அரண்மனையில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் இரவிவர்மர் பிறந்தார். எழுத்தறியும் பருவத்திலேயே அவர் கை கரித்துண்டை நாடியது. விலங்குகளும் பறவைகளும் வீட்டுச் சுவரெங்கும் தோன்றின. ஏவலாளர் இதனைக் குறும்பென்று முறையிட்டனர். ஆயின் அவருடைய மாமனாகிய இராஜராஜவர்மர், தாமும் ஓவியம் பயின்றவராதலின், சிறுவனது கையின் உறுதியைக் கண்டுகொண்டார். முதற்பாடங்களைத் தாமே கற்பித்தார். பின்பு 14ஆம் அகவையில் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று, ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் சேர்த்தார்.

அங்கே மேலைநாட்டு ஓவியங்களைக் காணும் வாய்ப்பு இரவிவர்மருக்குக் கிடைத்தது. அவற்றிற் கண்ட முகங்களின் உயிர்ப்பு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. நீரிற் குழைத்த வண்ணம் சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வண்ணமோ நாட்கணக்கில் ஈரம் குன்றாதிருக்கும். ஆதலின் ஒளியை நிழலோடு இழைக்கவும், ஒரு பூச்சின்மேல் மற்றொரு பூச்சிட்டுத் தோலின் மென்மையையும் பட்டின் பளபளப்பையும் காட்டவும் இயலும். சிறந்த படமொன்றை எதிரே வைத்துப் பார்த்தெழுதுதல் நல்ல பயிற்சியே. எனினும் முடிந்த படம் தன் மேற்பூச்சை மட்டுமே காட்டும். அடியிற் கிடக்கும் பூச்சுகளின் முறையை யாரேனும் சொல்லியோ செய்துகாட்டியோதான் அறிதல் வேண்டும்.

அவ்வித்தை அறிந்தவர் அரண்மனையில் இருந்தார். அவர் இராமசாமி நாயக்கர். இளைஞரின் திறமையைக் கண்ட அவர், கற்பிக்க மறுத்துவிட்டார். தொழிலே சோறாக இருந்த காலத்தில், அதன் மறைபொருளை அரசகுலத்து இளைஞர் ஒருவருக்கு விட்டுக்கொடுக்க அவர் அஞ்சியது வியப்பன்று. ஆனால் நாயக்கரின் மாணாக்கராகிய ஆறுமுகம் பிள்ளை, ஆசிரியர் அறியாதவாறு இரவில் வந்து, தாம் அறிந்தவற்றை இரவிவர்மருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பர். செய்தி வெளிப்பட்டிருந்தால் இழப்பு அவருக்கே. இரவிவர்மரின் புகழைப் பேசுவோர் பலர். ஆறுமுகம் பிள்ளையை நினைப்போர் மிகச் சிலர்.

1868ஆம் ஆண்டில் தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தினரின் உருவப்படங்களைத் தீட்ட வந்தார். இரவிவர்மருக்குக் கற்பிக்குமாறு மகாராஜா கேட்டும் அவர் உடன்படவில்லை. தாம் தீட்டும்போது அருகிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். இரவிவர்மருக்கு அதுவே போதுமானதாயிற்று. முதலில் எவ்வண்ணம், அதன்மேல் எது, தூரிகை எங்கே அழுந்துகிறது, எங்கே மெல்லத் தழுவுகிறது என்பவற்றைக் கண்ணாலேயே பாடம் செய்தார். தம் அறைக்குச் சென்று அவற்றைச் செய்துபார்த்தார். ஏகலைவனுக்கு மண்ணுருவேனும் வாய்பேசாதிருந்தது. இவருக்கோ ஆசிரியர் எதிரே இருந்தும் பேசவில்லை. சில ஆண்டுகள் பிழையும் திருத்தமுமாகக் கழிந்தன.

1873ஆம் ஆண்டு சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு, நாயர் குலப் பெண்ணொருத்தி கூந்தலில் பூச்சூடும் படத்தை அவர் அனுப்பினார். அது பொற்பதக்கம் பெற்றது. அவ்வாண்டே வியன்னா நகரக் கண்காட்சியிலும் பாராட்டப்பெற்றது. 1876ஆம் ஆண்டில் அவருடைய சகுந்தலை ஓவியம் சென்னை ஆளுநரான பக்கிங்காம் பிரபுவின் உள்ளத்தைக் கவர, அவர் அதனை விலைகொடுத்து வாங்கிக்கொண்டார். பரோடா, மைசூர் முதலிய அரண்மனைகள் அவரை விரும்பியழைத்தன. தம்பி இராஜராஜவர்மர் அவருக்கு உற்ற துணையாக உடனிருந்து தீட்டினார்.

அரண்மனைச் சுவரோடு தம் கலை நின்றுவிடுவதை இரவிவர்மர் விரும்பவில்லை. 1894ஆம் ஆண்டு பம்பாயில் வண்ண அச்சகம் ஒன்றை நிறுவினார். கற்களில் வரைந்து வண்ணம் வண்ணமாக அச்சிட்ட இலக்குமி, சரசுவதி படங்கள் சிறு விலையில் நாடெங்கும் பரவின. அச்சகத்தால் அவருக்குப் பொருள் சேரவில்லை; கடனே மிகுந்தது. பின்னர் அது பிறர் கைக்கு மாறியது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் அவர் மறைந்தார். அதற்குள் அவருடைய படங்கள் ஏழையர் வீட்டுச் சுவர்களிலும் இடம்பெற்றிருந்தன. ஊர்தோறும் இளம் ஓவியர் அவற்றை எதிரே வைத்துப் பார்த்தெழுதிப் பழகினர்.