மலைப் பிரசங்கத்தை வாழ்ந்து காட்டிய தீனபந்து

உபதேசங்களைக் கேட்பது எளிது; அவற்றுள் ஒன்றையேனும் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிப்பது அரிது. பகைவனையும் நேசிக்க வேண்டும், தீமையை எதிர்த்துத் தீமை செய்யலாகாது, கேட்பவனுக்கு மறுக்காமல் கொடுக்க வேண்டும், பிறரிடம் நாம் எதை விரும்புகிறோமோ அதையே பிறருக்குச் செய்ய வேண்டும். இவை இயேசுநாதர் கலிலேயாவின் மலைச்சாரலில் ஏழை எளிய மக்களுக்கு அருளிய உபதேசங்கள். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 5 முதல் 7 வரையிலான அதிகாரங்களில் இவை மலைப் பிரசங்கம் என்னும் பெயரில் இடம்பெற்றுள்ளன. இன்னா செய்தார்க்கும் இனியவை செய்ய வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை வகுத்த நெறியும் இதுவே.

தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் இந்த உபதேசத்தை நடைமுறைக்கு உரியதாகவே ஏற்றனர். எருசலேமில் வாழ்ந்த முதல் அடியார்கள் தங்கள் உடைமைகளைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டனர். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜ் நகரைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, அங்கிருந்த ஆயர் சிப்ரியன், தங்களைத் துன்புறுத்தியவர்களுக்கும் சேர்த்தே சேவை செய்யுமாறு தம் மக்களைத் தூண்டினார். காலப்போக்கில் அரசுகளும் அதிகாரமும் மதத்தோடு இணைந்தன. அப்போது இந்த உபதேசங்கள் போற்றுதற்கு உரியவை, ஆனால் பின்பற்ற இயலாதவை என்ற எண்ணம் பரவியது.

அவற்றைப் பின்பற்ற இயலும் என்று நம் நாட்டு மண்ணில் வாழ்ந்து காட்டியவர் ஓர் ஆங்கிலேயர். தீனபந்து என்று மக்களால் அன்போடு அழைக்கப்பட்ட சார்லஸ் ஃப்ரீயர் ஆண்ட்ரூஸ்தான் அவர்.

தந்தை தந்த செல்வம்

ஆண்ட்ரூஸ் 1871-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். பின்னர் குடும்பம் பர்மிங்காமில் குடியேறியது. தந்தை ஒரு திருச்சபையின் குருவாகத் தொண்டாற்றியவர். தாய்க்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த சொத்தே குடும்பத்திற்கு முக்கிய ஆதாரமாக இருந்தது. அதைப் பராமரிக்கும் பொறுப்பைத் தந்தை தம் நெருங்கிய நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். அந்த நண்பரோ அதனைச் சூதாட்டம் போன்ற வியாபாரத்தில் ஈடுபடுத்தி முழுவதையும் இழந்துவிட்டார்.

ஒரே நாளில் குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. அன்று மாலை வழக்கம்போல் குடும்பப் பிரார்த்தனை நடந்தது. தந்தை, தம்மை ஏமாற்றிய அந்த நண்பரை நினைத்து, அவருக்கு இறைவன் நல்வழி காட்ட வேண்டும் என்று மனமுருகி வேண்டினார். சபிக்கும் சொல் ஒன்றுகூட அவர் நாவிலிருந்து எழவில்லை. இழந்த செல்வத்தைவிடப் பெரிய செல்வம் ஒன்றைச் சிறுவன் சார்லி அன்று பெற்றான். பகைவனை மன்னிக்கும் உபதேசத்தை ஏட்டில் படித்துப் பொருள் உணரும் முன்பே, தந்தையின் முகத்தில் அவன் அதைக் கண்டுவிட்டான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் அவர் சிறப்பாகக் கல்வி கற்றார். பின்னர் குருப்பட்டம் பெற்றுத் தெற்கு லண்டனின் ஏழைக் குடியிருப்புகளில் சேவை செய்தார். அவருடைய உயிர் நண்பர் பேசில் வெஸ்ட்காட் டில்லிக்குச் சென்று பணியாற்றியவர். 1900-ஆம் ஆண்டில் காலரா நோயால் அங்கேயே உயிர் நீத்தார். நண்பர் விட்டுச் சென்ற பணியைத் தொடர வேண்டும் என்ற எண்ணம் ஆண்ட்ரூஸின் உள்ளத்தில் வேரூன்றியது. 1904-ஆம் ஆண்டில் அவர் இந்தியா வந்து, டில்லியில் உள்ள புனித ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியரானார்.

தாழ்ந்து நிற்றல்

ஆளும் இனத்தவர் என்ற செருக்கு மதத் தொண்டர்களிடமும் ஊறியிருந்த காலம் அது. 1906-ஆம் ஆண்டில் கல்லூரியின் முதல்வர் பதவி காலியானது. ஓர் ஆங்கிலேயரே அப்பதவியில் அமர வேண்டும் என்பது பலருடைய எண்ணம். ஆண்ட்ரூஸோ, தம்மைவிட நீண்ட காலம் அங்குப் பணியாற்றிய வங்காளியரான சுசீல் குமார் ருத்ராவே முதல்வராக வேண்டும் என்று உறுதியாக நின்றார். அவ்வாறே ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். அவருக்குக் கீழ் ஆசிரியராகப் பணிபுரிவதை ஆண்ட்ரூஸ் பெரும்பேறாகக் கருதினார்.

1913-ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் காந்திஜியின் சத்தியாக்கிரகம் உச்சத்தில் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மீது விதிக்கப்பட்டிருந்த மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். அவர்களுள் தமிழர்கள் மிகப் பலர். தில்லையாடி வள்ளியம்மை என்னும் இளம்பெண் சிறைவாசத்தால் நோயுற்று 1914 பிப்ரவரியில் உயிர் துறந்தது அந்தப் போராட்டத்தில்தான். கோகலேயின் வேண்டுகோளை ஏற்று, ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பை நிதியாக அளித்ததோடு, நண்பர் பியர்சனுடன் தாமும் புறப்பட்டார்.

1914 ஜனவரித் தொடக்கத்தில் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. வரவேற்க வந்தவர்களிடம் காந்தி எங்கே என்று ஆண்ட்ரூஸ் விசாரித்தார். கூலித் தொழிலாளியின் எளிய வெள்ளாடையில் நின்றிருந்த மெலிந்த மனிதரை அவர்கள் சுட்டிக்காட்டினர். ஆண்ட்ரூஸ் உடனே குனிந்து அவருடைய பாதங்களைத் தொட்டு வணங்கினார். ஒரு வெள்ளையர் இந்தியரின் காலைத் தொடுவதா என்று அங்கிருந்த ஐரோப்பியர் கொதித்தெழுந்தனர். அந்தக் கணத்தில் தொடங்கிய நட்பு 26 ஆண்டுகள் நீடித்தது. மோகன், சார்லி என்று ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை அவர்களிடையே மலர்ந்தது. காந்திஜிக்கும் தளபதி ஸ்மட்ஸுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட ஆண்ட்ரூஸ் பெரிதும் உதவினார். அவருடைய தாயின் மரணச் செய்தி அங்குதான் அவரை எட்டியது. கஸ்தூரிபாவும் பிற இந்தியப் பெண்களும் தாயாக நின்று அவரைத் தேற்றினர்.

தாயகம் திரும்பியவர் சாந்திநிகேதனில் ரவீந்திரநாத தாகூருடன் இணைந்தார். தங்கள் கோட்பாட்டை ஏற்காதவர்கள் யாவரும் என்றென்றைக்கும் அழிவர் என்று கூறும் பழைய விசுவாசப் பிரமாணம் ஒன்றை வழிபாட்டில் ஓத அவருடைய மனச்சாட்சி இடம் தரவில்லை. எனவே குருவுக்குரிய பணிகளிலிருந்து விலகினார். பல்லாண்டுகள் அப்படியே இருந்து, வாழ்வின் இறுதிப் பகுதியில்தான் அப்பணிகளை மீண்டும் ஏற்றார். கிறிஸ்துவின் மீது அவர் கொண்ட பக்தி இந்த இடைக்காலத்தில் சிறிதும் குறையவில்லை, மேலும் ஆழமாயிற்று.

கூலித் தொழிலாளியின் முகம்

1915-ஆம் ஆண்டில் காலராவால் தாக்குண்டு மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டு, ஆண்ட்ரூஸ் ஓய்வில் இருந்தார். அப்போது நேட்டாலில் தாம் கண்ட ஒரு தொழிலாளியின் உருவம் அவர் மனக்கண்ணில் தோன்றியது. முதுகெல்லாம் அடிபட்ட காயங்கள், கண்களில் அச்சம். பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அந்த முகம் கிறிஸ்துவின் முகமாக மாறியது. மிக எளியவனுக்குச் செய்வது எதுவோ அது தமக்கே செய்தது என்று இயேசுநாதர் கூறியதன் பொருள் அவருக்கு அன்று விளங்கியது.

அவ்வாண்டே அவர் பியர்சனுடன் ஃபிஜித் தீவுக்குச் சென்றார். 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தமிழ், தெலுங்கு மக்கள் கப்பலேற்றப்பட்டனர். பத்தடி நீளமும் ஏழடி அகலமும் கொண்ட ஓர் அறையில் மணமாகாத ஆண்கள் மூவர், அல்லது ஒரு குடும்பம் முழுவதும் வாழ வேண்டியிருந்தது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் ஆட்கள் சேர்க்கப்பட்டதால் குடும்ப வாழ்வே சிதைந்து போயிற்று. இவற்றையெல்லாம் தொழிலாளர்களோடு அமர்ந்து கேட்டறிந்து, ஆண்ட்ரூஸ் அறிக்கையாக வெளியிட்டார். 1917-இல் மீண்டும் ஒருமுறை ஃபிஜிக்குச் சென்றார். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் விளைவாக ஆள் அனுப்புவது நின்றது. 1920-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்து செய்யப்பட்டன. ஏழைகளின் உறவினர் என்னும் பொருள்படும் தீனபந்து என்ற பெயர், இத்தொண்டுக்கு மக்கள் அளித்த பட்டம்.

1919-இல் ஜாலியன் வாலாபாக் படுகொலைக்குப் பின்னர் அவர் பஞ்சாப் கிராமங்களில் நடந்தார். ராணுவத்தினரிடம் சவுக்கடி பட்டு அவமானத்தால் குமைந்திருந்த ஒரு சீக்கியப் பெரியவரின் பாதங்களைத் தொட்டு, தம் இனத்தவர் செய்த குற்றத்திற்காக மன்னிப்பு வேண்டினார்.

நண்பரிடமும் உண்மை

பகைவனை நேசிப்பது கடினம். நேசிக்கும் நண்பரிடம் மாறுபட்ட உண்மையைச் சொல்வது சில வேளைகளில் அதைவிடக் கடினம். அந்தச் சோதனையும் ஆண்ட்ரூஸுக்கு வந்தது. 1918-இல் முதல் உலகப் போருக்குப் படைவீரர்களைத் திரட்டக் காந்திஜி முனைந்தபோது, அது அகிம்சைக்குப் பொருந்தாது என்று ஆண்ட்ரூஸ் வெளிப்படையாக எடுத்துரைத்தார்.

மூன்றாண்டுகளுக்குப் பின்னர் பம்பாயில் நிகழ்ந்த ஒன்று மீண்டும் அவர் மனத்தை வருத்தியது. 1921 ஜூலை 31 அன்று பரேல் பகுதியில், எல்ஃபின்ஸ்டன் ஆலை வளாகத்தில், அந்நியத் துணிகள் மலையாகக் குவிக்கப்பட்டுக் காந்திஜியின் கையால் தீயிடப்பட்டன. இன்று மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் தமிழர்களுக்கு அவ்விடம் சில கிலோமீட்டர் தொலைவுதான். எல்ஃபின்ஸ்டன் ரோடு என்று வழங்கிய அங்குள்ள ரயில் நிலையம் 2018 முதல் பிரபாதேவி என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. நாடு முழுவதும் அந்தத் தீயை விடுதலையின் சுடராகக் கொண்டாடியது.

சாந்திநிகேதனில் இருந்த ஆண்ட்ரூஸின் உள்ளம் மட்டும் கலங்கியது. கதர் இயக்கத்தை அவர் மனமார ஆதரித்தவர். ஆயினும், எங்கோ ஓர் ஏழை ஆணும் பெண்ணும் தம் கைகளால் உழைத்து உருவாக்கிய பொருளை எரிப்பது சரியா? உடுக்கத் துணியில்லாத ஏழைகள் இருக்கும் நாட்டில் அவற்றை அழிக்கலாமா? துணியில் மூட்டிய தீ, அதை நெய்த இனத்தின் மீது வெறுப்பாகப் பரவாதா? இவ்வாறு அவர் காந்திஜிக்குக் கடிதம் எழுதினார்.

காந்திஜி அக்கடிதத்தை மறைக்கவில்லை. தம்முடைய யங் இந்தியா இதழில் அதை வெளியிட்டு, தம் பதிலையும் எழுதினார். மனிதர்கள் மீது எழக்கூடிய வெறுப்பைப் பொருள்களின் மீது திருப்பி, அதைத் தூய்மைப்படுத்துவதே தமது நோக்கம் என்று விளக்கினார். கருத்து வேறுபாடு நீங்கவில்லை, அன்பும் குறையவில்லை. ஒருவர் மற்றவரின் மனச்சாட்சியைப் புண்படுத்தாமல், தம் மனச்சாட்சியையும் விட்டுக்கொடுக்காமல் இருக்க இயலும் என்பதை இருவரும் உலகுக்கு உணர்த்தினர்.

அந்த நட்பின் தன்மையை அதே பம்பாய் நகரம் மீண்டும் கண்டது. 1924 ஜனவரியில் புனேயில் குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு விடுதலையான காந்திஜி, மார்ச் மாதம் முதல் ஜுஹு கடற்கரையில் ஓய்வெடுத்தார். அப்போது அருகிலிருந்து அவரைக் கவனித்துக்கொண்டவர்களுள் ஆண்ட்ரூஸும் ஒருவர். அவ்வாண்டு செப்டம்பரில் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்திஜி டில்லியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோதும் அவர் உடனிருந்து பணிவிடை செய்தார்.

எழுதி முடிக்காத நூல்

தனக்கென்று வீடோ செல்வமோ ஆண்ட்ரூஸ் வைத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுத வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். எழுத அமரும் போதெல்லாம் எங்கிருந்தோ துன்பப்படுபவர்களின் அழைப்பு வரும். அவர் எழுந்து புறப்பட்டுவிடுவார். அந்த நூல் எழுதி முடிக்கப்படவே இல்லை. மலைப் பிரசங்கத்தைப் பற்றிய அவருடைய நூலும் மறைவுக்குப் பின்னர், 1942-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

1940-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் கல்கத்தாவில் நோயுற்றார். மருத்துவமனையில் காந்திஜி வந்து கண்டு ஆறுதல் கூறினார். ஏப்ரல் 5-ஆம் நாள் தீனபந்து இறைவனடி சேர்ந்தார். கல்கத்தாவின் கீழ் சர்க்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1971-இல் அவருடைய நூற்றாண்டு விழாவையொட்டி இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

மலைப் பிரசங்கத்தின் முடிவில் இயேசுநாதர் ஓர் உவமை கூறுகிறார். உபதேசத்தைக் கேட்டு அதன்படி நடப்பவன் பாறையின் மேல் வீடு கட்டியவனுக்கு ஒப்பானவன். கேட்டும் நடவாதவன் மணலின் மேல் கட்டியவனுக்கு ஒப்பானவன். மழையும் வெள்ளமும் இருவருக்கும் பொதுவாகவே வருகின்றன. துரோகம் செய்த நண்பனுக்காகப் பிரார்த்திக்கும் இல்லத்தில் ஆண்ட்ரூஸ் வளர்ந்தார். தம் இனத்தின் வெறுப்பையும், நேசித்தவரோடு மாறுபடும் வேதனையையும் தாங்கி நின்றார். நமக்குத் தீங்கு செய்தவர் ஒருவரை நினைத்து இன்று மாலைப் பிரார்த்தனையில் நல்லதை வேண்டுவோமானால், அவர் நின்ற பாறையில் நாமும் ஒரு கல்லை எடுத்து வைத்தவர்கள் ஆவோம்.