தாய்மார்களுக்குத் தாயான டாக்டர் ஐடா அம்மையார்

திருச்சி மலைக்கோட்டையில் கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்குத் தாயுமானவர் என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும்.

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில் பிறந்தவள் ரத்னாவதி. திருச்சியில் வாழ்க்கைப்பட்டாள். பேறுகாலம் நெருங்கியது. மகளுக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு பூம்புகாரிலிருந்து தாய் புறப்பட்டாள். வழியில் காவிரியில் வெள்ளம்! ஆற்றைக் கடக்க முடியவில்லை. அக்கரையில் மகள் வலியால் துடித்தாள். சிவபெருமானே தாயின் உருவில் சென்று, பக்கத்தில் இருந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம்.

பிரசவ வலி கண்டவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வேண்டும். கடவுளே ஆனாலும் பெண்ணாகத்தான் வரவேண்டும். அந்தக் காலத்து மக்கள் அப்படித்தான் எண்ணினார்கள். ஆனால், வைத்தியம் தெரிந்த பெண் கிடைக்காத இடத்தில் அதே எண்ணம் உயிரையும் பறித்தது. அப்படிப் பறிபோன மூன்று உயிர்கள் ஓர் இளம்பெண்ணின் வாழ்க்கையையே மாற்றிவிட்டன. அவர்தான் டாக்டர் ஐடா ஸ்கடர்.

வைத்தியக் குடும்பம்

ஐடா 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து, யாழ்ப்பாணத்திலும் பிறகு சென்னையிலும் வைத்தியம் செய்தவர். தந்தையும் டாக்டர்தான். 1876-78 பஞ்சத்தில் பசியால் வாடிய குழந்தைகளைச் சிறுமி ஐடா கண்ணாரக் கண்டார். அந்தக் காட்சியே அவருக்கு இந்த நாட்டின் மேல் ஒரு பயத்தை உண்டாக்கியது.

பின்னர் அமெரிக்காவில் படித்தார். அங்கேயே மணம் புரிந்து வசதியாக வாழவேண்டும் என்பது அவருடைய ஆசை. தாயாருக்கு உடல்நலம் சரியில்லை என்று செய்தி வந்ததால், 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தார். தாய் தேறியதும் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம்.

மூன்று முறை தட்டிய கதவு

ஒரு நாள் இரவு கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒரு பிராமண இளைஞர். சின்னஞ்சிறு வயது மனைவி பிரசவ வேதனையில் இருக்கிறாள், மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள், உடனே வந்து காப்பாற்றவேண்டும் என்று கெஞ்சினார். தமக்கு வைத்தியம் தெரியாது, தந்தையை அழைத்துப் போகலாம் என்றார் ஐடா. வேற்று ஆண் தம் மனைவியைப் பார்ப்பதற்கு அந்த இளைஞர் இசையவில்லை. தலை குனிந்து திரும்பினார்.

சற்று நேரத்தில் மீண்டும் கதவு தட்டும் சத்தம். இம்முறை ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக வந்தவர் இன்னோர் இந்து. அவரும் அப்படியே திரும்பினார். சாதியும் மதமும் வேறு வேறு. வழக்கம் மட்டும் ஒன்று!

ஐடா அன்றிரவு கண் மூடவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் பறையொலி கேட்டது. ஆளனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்!

கதையில் தாயைத் தடுத்தது காவிரி வெள்ளம். இங்கே கூப்பிடு தூரத்தில் டாக்டர் இருந்தார், மருந்தும் இருந்தது. பெண் டாக்டர்தான் இல்லை. அன்று காலை ஐடா தம் பெற்றோரிடம் தம் முடிவைச் சொன்னார். அமெரிக்கா சென்று வைத்தியம் படித்துத் திரும்பி வருவேன் என்பதே அந்த முடிவு.

நாற்பது படுக்கைகள்

சொன்னபடி செய்தார். நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் வேண்டும். ஷெல் என்ற பாங்கி முதலாளி, மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1900 ஜனவரியில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார்.

வந்த சில மாதங்களில் தந்தை காலமானார். தந்தையிடம் வந்தவர்கள் மகளிடம் வரத் தயங்கினார்கள். இளம்பெண்ணுக்கு என்ன தெரியும் என்ற சந்தேகம்! ஐடா மனம் தளரவில்லை. பங்களாவின் ஒரு சிறு அறையையே வைத்தியசாலை ஆக்கினார். தோழி ஆனி ஹான்காக் வீடு வீடாகச் சென்று பெண்களோடு பழகினார். மெல்ல மெல்லக் கூட்டம் பெருகியது. 1902-ல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஒருவர் போதாது

ஒரு டாக்டர் ஓர் இரவில் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? மூன்று கதவுகள் ஒரே நேரத்தில் தட்டப்பட்டால்? இந்தக் கேள்விதான் அம்மையாரின் பிற்கால வேலைகளுக்கெல்லாம் வேர்.

டாக்டர் கத்தி வைத்துவிட்டுப் போன பிறகும் நோயாளி பிழைக்கவேண்டும். பிள்ளை பெற்றவளின் உதிரப்போக்கைக் கவனிக்கவேண்டும். காய்ச்சல் காண்கிறதா என்று பார்க்கவேண்டும். பயந்து அழுபவளின் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். இதையெல்லாம் செய்பவர் நர்ஸ். ஆனால் அந்நாளில் நர்ஸ் வேலை இழிவென்று கருதப்பட்டது. பிறர் அழுக்கைத் தொடும் வேலைக்குத் தம் பெண்ணை அனுப்பப் பெற்றோர் அஞ்சினர். அதை மாற்ற 1909-ல் வேலூரில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார் ஐடா.

அதே ஆண்டில் மோட்டார் காரும் வந்தது. குடியாத்தம் சாலையில் அந்தக் காரைக் கண்டு கிராமத்தார் பேய் என்று ஓடியதாகச் சொல்வார்கள். பிறகு மரத்தடியில் கார் நிற்பதற்காகவே காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வராதவர்களைத் தேடி ஆஸ்பத்திரியே போயிற்று.

அடுத்தது பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆறு பேர் மனுப் போட்டாலே அதிசயம் என்றார் மாகாண மருத்துவத் துறையின் தலைமை அதிகாரி. வந்த மனுக்களோ 151! 1918-ல் பள்ளி தொடங்கியது. முதல் வகுப்பிலிருந்து 14 பெண்கள் 1922-ல் டாக்டராக வெளியேறினார்கள். அவர்கள் தட்டும் கதவுக்கு உள்ளே தடையின்றி நுழைய முடிந்தது.

அம்மையார் விட்டுச் சென்றது

1946-ல் ஓய்வு பெற்று, கோடைக்கானலில் வாழ்ந்தார். வேலூர் நர்ஸ் பள்ளி, பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்ததும் அதே 1946-ல்தான். 1947-ல் மருத்துவக் கல்லூரியில் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது. மணமே செய்துகொள்ளாத ஐடா அம்மையார் 1960 மே மாதம், 89-ம் வயதில் காலமானார்.

இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. ஆண் டாக்டர் பார்க்கலாமா என்று யாரும் உயிரைப் பணயம் வைப்பதில்லை. ஆயினும் பக்கத்தில் ஒரு பெண் வேண்டும் என்ற ஆசை மாறவில்லை, மாறவேண்டியதும் இல்லை. அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறைகளில் உறவுப் பெண் ஒருவர் துணை இருக்கலாம் என்ற ஏற்பாடு 2000-ஐ அடுத்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டியில் இதையே பரிந்துரை செய்திருக்கிறது.

வழக்கத்தைப் பழித்துக்கொண்டு இருந்திருந்தால் ஐடா அம்மையாரால் ஓர் உயிரையும் காப்பாற்றியிருக்க முடியாது. அந்தப் பெண்கள் யாரை உள்ளே விடுவார்களோ, அவர்களுக்கு வைத்தியம் கற்றுக் கொடுத்தார். திண்டிவனத்தில் இறந்த அந்த மூன்று பெண்களின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது. அவர்களுக்குப் பின் வந்த ஆயிரக்கணக்கான தாய்மார்கள், பிள்ளையைக் கையில் ஏந்தி வீடு திரும்பினார்கள்.