வாசகரைத் தேடிச் சென்ற நூலகர்

நூலகர் என்றால் இளமை தொட்டே புத்தகங்களுக்குள் புதைந்து கிடந்தவராகத்தான் இருப்பார் என்று எண்ணுவது உலக வழக்கு. இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் அவர்களின் வரலாறு அவ்வழக்கிற்கு மாறானது. நூலகப் பணியை அவர் விழைந்து ஏற்றாரல்லர். ஏற்ற சில நாள்களிலேயே அதனை உதறிவிட்டு ஓட எண்ணியவர் அவர். அங்ஙனம் ஓட எண்ணியவரே பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அப்பணி ஒன்றிற்கே தம்மை ஒப்படைத்தார். அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

அன்றைய தஞ்சை மாவட்டத்தில் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்து, பள்ளியாசிரியரான தாய்வழிப் பாட்டனாரின் அரவணைப்பில் சீர்காழியில் வளர்ந்தார். பேச்சில் திக்கல் இருந்தது. அதனை முயன்று வென்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று 1916-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் எட்வர்டு இராஸ் என்னும் கணிதப் பேராசிரியர். அவர்களிடையே மலர்ந்த அன்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. பின்னர் மங்களூர், கோவை அரசுக் கல்லூரிகளிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். நல்லாசிரியர் என்ற பெயரும் எய்தினார்.

1923-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றினைப் புதிதாகத் தோற்றுவித்தது. நூலகப் பயிற்சி பெற்றோர் அரியராய் இருந்த காலம் அது. ஆசிரியப் பணியைக் காட்டிலும் ஊதியம் கூடுதல் என்பதனால் நண்பர்கள் தூண்ட, அரங்கநாதனும் விண்ணப்பித்தார். நேர்காணலுக்கு முன்னர் நூலகம் பற்றி அவர் படித்தது பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் உள்ள ஒரு கட்டுரை மட்டுமே. பதவி அவருக்கே கிடைத்தது. 1924 சனவரியில் பொறுப்பேற்றார்.

வகுப்பறையின் ஆரவாரத்தில் திளைத்தவருக்கு அந்த அறையின் அமைதி சிறைவாசமாய்த் தோன்றியது. வாசகர் வருகை அருகியிருந்தது. நாள் முழுதும் நூல்களைக் காவல் காப்பதன்றி வேறு வேலையில்லை. ஒரு வாரத்திற்குள் மாநிலக் கல்லூரி முதல்வரிடம் சென்று, தம்மைப் பழைய பணிக்கே மீட்டுக்கொள்ளுமாறு வேண்டினார். பல்கலைக்கழகம் பயிற்சிக்காக இங்கிலாந்து அனுப்பவுள்ளது. சென்று வந்த பின்னும் வெறுப்புத் தீரவில்லையெனில் திரும்பலாம் என்று முதல்வர் ஆற்றுப்படுத்தினார். அம்முதல்வர் மட்டும் அன்று இசைந்திருப்பின், நாட்டிற்கு இன்னுமொரு கணித ஆசிரியர் கிடைத்திருப்பார். நூலகவியலுக்கு ஈடுசெய்ய இயலா இழப்பு நேர்ந்திருக்கும்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். குராய்டன் நகர நூலகத்தின் தலைவரும் நூற்பகுப்பில் வல்லவருமான பெர்விக் சேயர்சு அவருக்கு வழிகாட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் கண்டார். அவர் நெஞ்சை ஈர்த்தவை அங்கிருந்த அரிய சுவடிகளோ ஓங்கிய மாடங்களோ அல்ல. தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறுவரும் தத்தம் உரிமையாய் நூலகத்துள் நுழைந்து, வேண்டிய நூலைத் தாமே எடுத்துச் சென்ற காட்சியே அவரை ஆட்கொண்டது. சென்னையில் தாம் வெறுத்தது நூலகத்தை அன்று, வாசகர் இல்லாத நூலகத்தையே என்பதை அவர் அங்கே உணர்ந்தார் எனலாம். நூலின்மீது அவர் கொண்ட காதல் அதனைச் சேர்த்து வைத்து மகிழ்வோரின் காதலினின்றும் வேறானது. பிறர் கையில் நூல் விரிந்திருக்கக் காண்பதே அவருக்கு இன்பமாயிற்று.

1925-இல் திரும்பியவர் ஆசிரியப் பணியை மறந்தே போனார். பூட்டிய அலமாரிகளைத் திறந்து, வாசகர் உள்ளே சென்று நூல்களைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்தெடுக்கும் முறையைக் கொணர்ந்தார். நூல்கள் களவு போகும் என்ற அச்சம் பரவலாயிருந்த நாளில் இது சிறிய துணிவன்று. நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். தயங்கி நிற்கும் வாசகரை அணுகி, அவர் தேவை யாது எனக் கேட்டறிந்து உதவுதலை நூலகரின் தலையாய கடமையாக்கினார். இருபதாண்டுக் காலம் விடுமுறையின்றி நாள்தோறும் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார் என்பர். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றவும், அடுத்த ஆண்டு நூலகப் பயிற்சிப் பள்ளி தொடங்கவும் முன்னின்றார். 1936-இல் நூலகம் மெரினா கடற்கரைக்கு எதிரே தனக்கெனக் கட்டிய கட்டடத்திற் குடிபுகுந்தது.

அவர் அறிவுலகிற்கு அளித்த கொடைகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, நூலகவியலின் ஐந்து விதிகள். நூலக நடைமுறைகள் ஆயிரமாய்ச் சிதறிக் கிடப்பதைக் கண்ட அவரது கணித உள்ளம், அவற்றுக்கெல்லாம் மூலமாகும் சில அடிப்படைகளைத் தேடி அலைந்தது. 1928-இல் ஆசான் இராஸ் தற்செயலாகச் சொன்ன ஒரு கருத்து முதல் விதியாய் வாய்த்தது. ஏனைய நான்கும் அதனைத் தொடர்ந்தன. நூல் பயன்பாட்டிற்கே உரியது. ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிட்ட வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிட்ட வேண்டும். வாசகரின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளரும் உயிர் போன்றது. இவையே அவற்றின் சாரம். 1931-இல் நூலாக வெளிவந்தது. இவற்றுள் மூன்றாவது விதி தனித்துச் சிந்திக்கத்தக்கது. வாசகருக்காகப் பரிந்து பேசுவோர் பலர் உண்டு. அலமாரியின் மூலையில் எவரும் தீண்டாது கிடக்கும் நூலுக்காகவும் ஒருவர் பரிந்து பேசியது அங்கேதான்.

மற்றொன்று கோலன் பகுப்பு முறை. இலண்டனில் ஒரு பெருங்கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளையும் திருகாணிகளையும் கொண்டு வெவ்வேறு உருக்களை ஆக்கும் அப்பொருள் அவருக்குப் புதுவழி காட்டியது. முன்னமே வகுத்த அறைகளுள் நூலை இட்டு அடைப்பதற்கு மாறாக, நூலின் பொருளைக் கூறுபடுத்தி, அக்கூறுகளை முக்காற்புள்ளியால் இணைத்து எண் அமைக்கலாம் எனக் கண்டார். நெற்பயிரின் நோய்த் தடுப்புப் பற்றிய நூலெனில் பயிர், நோய், தடுப்பு, அது நிகழ்ந்த இடம், காலம் என ஒவ்வொன்றும் தனித்தனியே குறியீடு பெறும். நாளை புதிய துறை தோன்றினும் பழைய துண்டுகளையே புதிதாய்ப் பூட்டலாம். தாயகம் திரும்பும் கப்பலிலேயே, அங்கிருந்த நூலகத்து நூல்களைக் கொண்டு இம்முறையைச் சோதித்தார். 1933-இல் அதுவும் நூலாயிற்று.

ஐந்து விதிகள் கருக்கொண்ட அந்த 1928-ஆம் ஆண்டிலேயே அவர் இல்லத்தில் பேரிடர் நேர்ந்தது. பதினைந்து வயதில் மணந்த உருக்குமணி அம்மையார் விபத்தொன்றில் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் சிதம்பரத்தில் நிகழ்ந்த கல்வி மாநாட்டில் அவர் தம் விதிகளை முதன்முதலாக எடுத்துரைத்தார். மறு ஆண்டு சாரதை அம்மையாரை மணந்தார். திருமண நாளன்று பிற்பகலே நூலகம் திரும்பிவிட்டார் என்று பெருமையாகச் சொல்வர். பெருமைக்குரியதுதான், ஆயினும் மணமேடையினின்று எழுந்த அப்பெண் அன்று என்ன நினைத்தார் என்று எழுதியவர் எவருமிலர். ஒருவர் நாள் முழுதும் நூலகத்தில் இருக்க, மற்றொருவர் இல்லத்தைத் தாங்க வேண்டியிருந்தது. அதனை அரங்கநாதன் அறியாதவரல்லர். 1956-இல் தம் வாழ்நாள் சேமிப்பான ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் இருக்கை ஒன்றிற்கு வழங்கியபோது, அதற்குச் சாரதையின் பெயரே சூட்டப்பட்டது.

நகரத்தோடு நின்றுவிட அவர் மனம் ஒப்பவில்லை. நூலகத்திற்கு வர இயலாத வாசகரிடம் நூலகமே செல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை அமைத்த மாட்டுவண்டி நூலகம், மேலவாசல் முதலிய சிற்றூர்களுக்கு நூல்களைச் சுமந்து சென்றது. வைக்கோலும் நெல்லும் ஏறிய வண்டித் தடத்தில் கதையும் காவியமும் ஏறிச் சென்றது இனிய காட்சியன்றோ! ஆயினும் நல்லார் சிலரின் ஈகையை மட்டும் நம்பி நூலகம் நிலைக்காது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். சட்டமும் அதற்கென வரியும் வேண்டுமெனப் பல்லாண்டு வற்புறுத்தினார். விடுதலைக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதற்பொது நூலகச் சட்டம் அதுவே. சொத்துவரியோடு சேர்த்துத் தண்டப்பெறும் நூலகவரி, சிற்றூர்க் கிளை நூலகங்களுக்கு ஊற்றாயிற்று.

அச்சட்டம் நிறைவேறியபோது அவர் சென்னையில் இல்லை. நிருவாகத்தோடு ஒத்துப்போக இயலாமையால் 1945-இலேயே விருப்ப ஓய்வு பெற்றிருந்தார். இராதாகிருட்டிணன் அழைப்பின் பேரில் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்று, ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களைத் தாமே பகுத்துப் பட்டியலிட்டார். பிறகு தில்லிப் பல்கலைக்கழகம், சூரிக்கு நகரம், இறுதியாகப் பெங்களூர். அங்கு 1962-இல் ஆவணவாக்க ஆராய்ச்சி பயிற்சி நடுவத்தை நிறுவினார். 1957-இல் பத்மசிறீ விருதும், 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியும் அவரை நாடி வந்தன. பழைய கணிதக் காதலும் முற்றும் அகலவில்லை. 1967-இல் இராமானுசன் வரலாற்றை நூலாக்கினார்.

1972 செப்டம்பர் 27-ஆம் நாள் பெங்களூரில் அவர் காலமானார். கோலன் பகுப்பின் ஏழாம் பதிப்பு அப்போது நிறைவுறாதிருந்தது. மாணவர் கோபிநாத் அதனைப் பதிப்பித்து 1987-இல் வெளியிட்டார்.